சுண்ணாம்புத் தண்ணீரில் ஒரு கம்பித் துண்டு: அரிமானத்தை மின்னோட்டமாக அளந்த பதிவு

கான்கிரீட்டுக்குள் கிடக்கும் கம்பி துருப்பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள, வெளியே பழுப்புக் கறை வரும்வரை காத்திருப்பதுதான் நம் ஊர்களில் வழக்கம். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. துருவாக மாறிய இரும்பு முன்பு இருந்ததைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த நெருக்கலில் கான்கிரீட் வெடித்து, செதில் செதிலாகப் பெயர்ந்து விழுந்த பிறகுதான் கறை நம் கண்ணுக்கு வருகிறது.

ஆனால் அரிமானம், அதாவது உலோகம் துருப்பிடித்துக் கரைவது, முதல் நொடியிலிருந்தே ஒரு மின்னோட்டம். உலோகத்தின் ஓரிடத்தில் இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாகவே ஓடி வேறோர் இடத்தை அடைகின்றன. அங்கே நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த ஓட்டத்தை மைக்ரோஆம்பியரில் அளக்க முடிந்தால், துருக்கறை தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் வேகத்தைச் சொல்லிவிடலாம். வீட்டு மேசையில், கைக்கெட்டும் பொருள்களை வைத்து இதை எவ்வளவு தூரம் நம்பகமாகச் செய்யலாம் என்று பார்த்த பதிவு இது.

வேதாரண்யத்தில் சித்தப்பா வீட்டுக்கு மாடி எடுக்கும் பேச்சு வந்தது. கிணற்றுத் தண்ணீர் நாக்கில் கரிக்கிறது. கீழ்த்தளத்துச் சன்ஷேடில் ஏற்கெனவே விரிசல். “கம்பி நல்ல கம்பிதான் தம்பி, காற்றுதான் உப்புக் காற்று” என்றார் கொத்தனார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் எவ்வளவு உப்பு வந்தால் கம்பி தாங்காது என்பதை எண்ணாகப் பார்க்க எனக்கு ஆசை.

கான்கிரீட்டில் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதைச் சுற்றியுள்ள காரம். சிமென்ட் நீருடன் வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, ஏராளமாக உண்டாகிறது. அந்தக் காரத்தில் இரும்பின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலம் படிந்து, உலோகம் கரைவதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. குளோரைடு அயனி அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கிறது. ஆகவே தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் கம்பித் துண்டை ஊறவைத்து, படலம் உருவாவதைப் பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உப்பைச் சேர்த்து அது உடைவதைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். கான்கிரீட்டை ஆராய்பவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் மாதிரிக் கரைசல்தான் இது.

முதலில் கம்பி. 12 மில்லிமீட்டர் டி.எம்.டி. கம்பியிலிருந்து லேத் பட்டறையில் ஒரு வில்லை அறுத்து வாங்கினேன். அதன் பின்புறத்தில் செம்புக் கம்பியைச் சால்டர் செய்து, சிறிய பிளாஸ்டிக் மூடிக்குள் வைத்து அரால்டைட் ஊற்றினேன். இறுகிய பின் முகத்தை 120, 220, 400, 600 என்று வரிசையாக நீர் உப்புத்தாளில் தேய்த்தேன். ஒவ்வொரு தாளுக்கும் வில்லையைக் கால் வட்டம் திருப்பித் தேய்க்க வேண்டும். முந்தைய தாளின் கீறல்கள் முற்றிலும் மறைந்தால்தான் அடுத்த தாளுக்குப் போகலாம்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பிசினும் உலோகமும் சந்திக்கும் ஓரத்தில் மயிரிழை இடுக்கு இருந்தாலும் கரைசல் அதற்குள் புகுந்து தேங்கும். அரிமானம் அங்கே முதலில் தொடங்கிவிடும். நாம் அளப்பது கம்பியை அல்ல, இடுக்கை என்று ஆகிவிடும். அதனால் உருக்கிய மெழுகுவர்த்தி மெழுகைத் தூரிகையால் ஓரத்தைச் சுற்றிப் பூசி, நடுவில் 10 மில்லிமீட்டர் வட்டத்தை மட்டும் திறந்து விட்டேன். பரப்பு 0.785 சதுர சென்டிமீட்டர். நகப்பூச்சு இதற்கு உதவாது, காரம் அதை அரித்துவிடும். இரண்டு, டி.எம்.டி. கம்பியின் வெளித்தோல் மார்ட்டன்சைட் என்ற கடினமான எஃகு வகை, உள்ளே ஃபெரைட், பியர்லைட் என்ற மென்மையான வகைகள். அறுத்த முகத்தில் நாம் பார்ப்பது உள்பகுதியைத்தான். உருக்காலையிலிருந்து வரும் கரும் செதிலும் இங்கே இல்லை. எனவே வரும் எண்களைச் சந்தையில் கிடைக்கும் கம்பியின் எண்கள் என்று அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது ஒப்பீட்டு மின்வாய். ஓர் உலோகத்தின் மின்னழுத்தத்தைத் தனியாக அளக்க வழியில்லை. எதையாவது நிலையானதோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்வாயை வீட்டிலேயே செய்யலாம். நகைக்கடை வெள்ளிக் கம்பியில் செம்பு கலந்திருக்கும். ஆசாரியிடம் கலப்பில்லாத வெள்ளி என்று சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். கம்பியை உப்புத்தாளில் தேய்த்துக் கழுவி, துணி வெளுக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டு திரவத்தில் அரை மணி நேரம் வைத்தேன். பளபளப்பு போய், கத்தரிப்பூ சாயல் கலந்த பழுப்புப் படலம் கம்பி முழுவதும் சீராக ஏறியது. அதுவே வெள்ளிக் குளோரைடு. இந்தக் கம்பியைப் பொட்டாசியம் குளோரைடு நிறைகரைசல் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இறக்கினேன். 100 மில்லி நீருக்கு 35 கிராம் அளவு, அடியில் கரையாத படிகம் சற்றுத் தங்கியிருக்க வேண்டும். உரக்கடைப் பொட்டாஷும் இதே பொட்டாசியம் குளோரைடுதான், ஆனால் அந்தச் செந்நிறம் இரும்பு ஆக்சைடு. இந்த வேலைக்கு ஆய்வகத் தரமே தேவை. இரண்டு துளி வெள்ளி நைட்ரேட்டையும் விட்டேன், இல்லாவிட்டால் அடர்த்தியான குளோரைடு கரைசல் கம்பியின் படலத்தையே மெல்லக் கரைக்கும். குழாயின் வாயை அகர் அகர் அடைத்துக்கொள்கிறது; மளிகைக் கடையில் கடல்பாசி என்று விற்கும் அதே பொருள்.

எப்போதும் இரண்டு மின்வாய்களைச் செய்துகொள்வது நல்லது. ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் இரண்டையும் நம்பலாம். தெரிந்த கல்லூரி ஆய்வகம் ஒன்றில் கலோமல் மின்வாயோடும் ஒப்பிட்டேன். ஹைட்ரஜன் மின்வாயோடு ஒப்பிட்டால், பாதரசக் குளோரைடால் ஆன கலோமல் 241 மில்லிவோல்ட், வெள்ளிக் குளோரைடு 197 என்று பாடநூல் சொல்கிறது. வித்தியாசம் 44 மில்லிவோல்ட் வர வேண்டும். என்னுடையது அதிலிருந்து இரண்டு மில்லிவோல்ட் மட்டுமே விலகியிருந்தது.

இந்தச் சோதனையில் அதிகம் யோசிக்க வைத்தது மின்வாய் அல்ல, அதிலிருந்து கசியும் குளோரைடு. எந்தக் குளோரைடு எவ்வளவு சேர்ந்தால் படலம் உடைகிறது என்பதுதான் கேள்வி. அப்படியிருக்க, அடர்த்தியான குளோரைடு நிரம்பிய குழாயை அதே கரைசலுக்குள் ஊறவைத்தால் கேள்வியே கெட்டுவிடும். எனவே மின்வாயை வேறொரு சிறிய கோப்பையில் சுண்ணாம்புத் தண்ணீரில் நிறுத்தினேன். அந்தக் கோப்பைக்கும் சோதனைக் கலனுக்கும் நடுவே ஒரு வளைந்த குழாய்ப் பாலம். அதற்குள் பொட்டாசியம் நைட்ரேட்டோடு காய்ச்சிய அகர். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கும் 13-0-45 உரம் பொட்டாசியம் நைட்ரேட்டுதான். வெள்ளி நைட்ரேட்டுத் துளி விட்டுப் பார்த்து, கலங்காத பொட்டலத்தையே எடுத்தேன். பாலத்தின் கூர்மையான முனை கம்பி முகத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. இன்னும் நெருங்கினால் முனையே முகத்தை மறைக்கும், விலகினால் கரைசலின் தடை அளவீட்டில் கலக்கும்.

மூன்றாவது மின்வாய் மின்னோட்டத்தைக் கொண்டுவரும் எதிர்முனை. டார்ச் பேட்டரியின் கரிக்குச்சி எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். உப்புத் தண்ணீர்ச் சோதனைக்கு அது போதும். இங்கே கூடாது, அதன் நுண்துளைகளில் துத்தநாகக் குளோரைடும் அம்மோனியம் குளோரைடும் ஊறியிருக்கும். டை செய்யும் பட்டறையில் தீப்பொறி அரிப்பு எந்திரத்துக்கு வாங்கி வைத்திருந்த கிராபைட் கட்டையிலிருந்து ஒரு துண்டு கிடைத்தது. வாலை வடிநீரில் கொதிக்க வைத்துப் பயன்படுத்தினேன்.

மின்சுற்றைப் பற்றி விரிவாக எழுதலாம், ஆனால் அடிப்படை எளியது. டி.எல்.074 என்ற ஒரே சில்லில் நான்கு ஆப்-ஆம்ப்கள், அதாவது மின்னழுத்தப் பெருக்கிகள். ஒன்று ஒப்பீட்டு மின்வாயின் அழுத்தத்தை, அதிலிருந்து மின்னோட்டம் எதையும் இழுக்காமல் நகலெடுக்கிறது. இன்னொன்று, நாம் கேட்கும் அழுத்தம் வரும்வரை எதிர்முனை வழியாக மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. மூன்றாவது, கம்பி வழியாக ஓடும் மின்னோட்டத்தை வோல்ட்டாக மாற்றுகிறது. நான்காவது சும்மா இருக்கிறது. 741 வகைச் சில்லு மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அதன் உள்ளீடே 80 நானோஆம்பியர் அளவுக்கு இழுக்கும். நாம் அளக்கப்போவதோ 10 நானோஆம்பியர். டி.எல்.074 இழுப்பது பிகோஆம்பியர் கணக்கில்தான். மின்சாரம் இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளிலிருந்து.

அழுத்தத்தைத் திருத்த இரண்டு திருகுகள் வைத்தேன். முதலாவது 10 கிலோஓம் தடை வழியாகக் கூட்டல் புள்ளிக்கு வருகிறது, அது பெரிய நகர்வுக்கு. இரண்டாவது 1 மெகாஓம் தடை வழியாக வருகிறது, ஆகவே அதன் பாதிப்பு நூறில் ஒரு பங்கு. பென்சில் பேட்டரியின் 1.5 வோல்ட் அங்கே 15 மில்லிவோல்ட்டாகச் சுருங்குகிறது. இந்தச் சோதனைக்கு வேண்டிய நகர்வு அவ்வளவுதான். இரண்டாவது திருகு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கலனை இணைப்பதற்கு முன் பொய்க்கலன் ஒன்றை இணைத்துச் சரிபார்க்க வேண்டும். கம்பிக்கும் ஒப்பீட்டு மின்வாய்க்கும் நடுவே 10 கிலோஓம், ஒப்பீட்டு மின்வாய்க்கும் எதிர்முனைக்கும் நடுவே 1 கிலோஓம். 100 மில்லிவோல்ட் கொடுத்தால் 10 மைக்ரோஆம்பியர் வர வேண்டும், வந்தது. அடுத்து 1 மெகாஓம் வைத்து 10 மில்லிவோல்ட் கொடுத்தேன். 10 நானோஆம்பியருக்குப் பதிலாக மல்டிமீட்டரின் கடைசி இரண்டு இலக்கங்கள் ஆடிக்கொண்டே இருந்தன. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அது. கலனையும் சுற்றையும் பெரிய பிஸ்கட் தகர டப்பாவுக்குள் வைத்து, டப்பாவைச் சுற்றின் தரைப்புள்ளியோடு இணைத்து, மின்னோட்டம் அளக்கும் தடைக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி போட்டதும் எண் நின்றது. சில்லுக்குச் சில மில்லிவோல்ட் பிறவிப்பிழை உண்டு. ஆனால் நமக்கு வேண்டியது கோட்டின் சரிவு மட்டுமே என்பதால் அந்தப் பிழை கணக்கைக் கெடுக்காது.

சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் போடும் கிளிஞ்சல் சுண்ணாம்பில் கடல் உப்பு ஒட்டியிருக்கக் கூடும், அதனால் ஆய்வகத் தரக் கால்சியம் ஹைட்ராக்சைடு. வாலை வடிநீரில் கலக்கித் தெளியவிட்டு, அடியில் கரையாத வண்டலோடேயே 500 மில்லி கலனில் எடுத்துக்கொண்டேன். அந்த வண்டல் முக்கியம். காற்றின் கரியமில வாயு சுண்ணாம்பை இடைவிடாமல் தின்கிறது. திறந்து வைத்தால் சிறிது நேரத்திலேயே மேலே பால் ஆடை படிவதைப் போல வெள்ளை ஏடு கட்டும், தொட்டால் நொறுங்கும். வண்டல் இருந்தால் இழந்த காரம் மீண்டும் கரைந்து ஈடாகும். கலனுக்கு ரப்பர் மூடி போட்டு, துளைகளில் கம்பித் துண்டையும் எதிர்முனையையும் பாலத்தின் முனையையும் இறக்கினேன். பி.எச். 12.4. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி அணியாமல் கலனைத் திறக்கக் கூடாது.

முதலில் மின்னோட்டம் எதுவும் செலுத்தாமல் மின்னழுத்தத்தை மட்டும் பார்த்தேன். புதிதாகத் தேய்த்த முகம் −400 மில்லிவோல்ட்டுக்கும் கீழே தொடங்கியது. சில நிமிடங்களிலேயே ஏறத் தொடங்கி, மறுநாள் காலையில் −220 அருகில் வந்துவிட்டது. அதன்பிறகு ஏற்றம் மெதுவாகி, −160 சுற்றிலும் நிலைத்தது. படலம் கட்டிக்கொள்வதைக் கண்ணால் பார்க்க முடியாது, முகம் அப்போதும் கண்ணாடி போலவே இருக்கிறது. இந்த ஏறும் எண் ஒன்றுதான் சாட்சி.

மின்னழுத்தம், துருப்பிடிக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லும். எவ்வளவு வேகம் என்பதைச் சொல்லாது. அதற்குத்தான் 1957-இல் ஸ்டெர்ன், கியரி என்ற ஆய்வாளர்கள் காட்டிய வழி. உலோகத்தை அது தானாக நிற்கும் அழுத்தத்திலிருந்து 10 மில்லிவோல்ட் மட்டும் மேலும் கீழும் நகர்த்தினால், மின்னோட்டம் ஏறக்குறைய நேர்கோட்டில் மாறும். அழுத்த மாற்றத்தை மின்னோட்ட மாற்றத்தால் வகுத்தால் ஒரு மின்தடை கிடைக்கும். ஒரு மாறிலியை அந்தத் தடையால் வகுத்தால் அரிமான மின்னோட்டம். அந்த மாறிலி, துருப்பிடிக்கும் கம்பிக்கு 26 மில்லிவோல்ட், படலத்தோடு இருக்கும் கம்பிக்கு 52 மில்லிவோல்ட் என்று எடுத்துக்கொள்வது கான்கிரீட் ஆய்வில் வழக்கம். 250 மில்லிவோல்ட்வரை இருபுறமும் இழுத்து டாஃபெல் கோடு வரையும் முறையும் உண்டு. அதில் இந்த மாறிலியையே நேரடியாகக் கணக்கிடலாம். ஆனால் உப்புக் கரைசலில் அவ்வளவு மேலே இழுத்தால் நாமே குழியைத் தோண்டிவிடுவோம். ஒரே துண்டை நாள்கணக்கில் தொடர வேண்டும் என்றால் 10 மில்லிவோல்ட்டே சரி, உலோகத்துக்குத் தன்னைத் தொட்டது தெரியாது.

படலத்தோடு இருக்கும் கம்பியை அளப்பதில் அவசரம் எல்லாவற்றையும் கெடுக்கும். உலோகத்துக்கும் கரைசலுக்கும் இடையிலான எல்லையே ஒரு மின்தேக்கி. சதுர சென்டிமீட்டருக்கு 50 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு ஒரு மில்லிவோல்ட் வேகத்தில் அழுத்தத்தை நகர்த்தினால், அந்த மின்தேக்கியை நிரப்பவே சதுர சென்டிமீட்டருக்கு 50 நானோஆம்பியர் போகும். 10 மில்லிவோல்ட் நகர்வுக்குக் கம்பி தரும் உண்மையான மின்னோட்டம் அதே பரப்புக்கு 17 நானோஆம்பியர்தான். அதாவது நாம் எழுதிக்கொள்ளும் எண்ணில் முக்கால் பங்கு மின்தேக்கியுடையது, அரிமானத்துடையது அல்ல. நொடிக்கு 0.167 மில்லிவோல்ட் என்று அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம். முறை சொல்லும் மெதுவான வேகத்திலும் 8 நானோஆம்பியர் வீணாகக் கலக்கும். எனவே நான் அழுத்தத்தைத் தொடர்ந்து ஓட்டாமல் 5 மில்லிவோல்ட் படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் எண் நிற்கும்வரை ஐந்து நிமிடம் காத்திருந்தேன். படி ஏறிய கணத்தில் மின்னோட்டம் துள்ளி எழும். பிறகு சரிந்து, சரிவு மெதுவாகி, ஓரிடத்தில் அடங்கும். அடங்கிய எண்ணைத்தான் எழுத வேண்டும்.

என் துண்டின் 0.785 சதுர சென்டிமீட்டர் முகத்தில் 10 மில்லிவோல்ட்டுக்கு 13 நானோஆம்பியர் வந்தது. பரப்பையும் சேர்த்தால் தடை சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 600 கிலோஓம். 52 மில்லிவோல்ட்டை அதனால் வகுத்தால் 0.087 மைக்ரோஆம்பியர். ஓடிய மின்னோட்டத்திலிருந்து கரைந்த உலோகத்தைக் கணக்கிடும் ஃபாரடே விதிப்படி இதைத் தடிமனாக மாற்றலாம்: இரும்புக்குச் சதுர சென்டிமீட்டரில் ஒரு மைக்ரோஆம்பியர் என்றால் ஆண்டுக்கு 11.6 மைக்ரோமீட்டர். எனவே இந்தத் துண்டு இழப்பது ஆண்டுக்கு ஒரு மைக்ரோமீட்டர். 0.1 மைக்ரோஆம்பியருக்குக் கீழே என்றால் அரிமானம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம் என்பது இத்துறையின் பொது அளவுகோல். சுண்ணாம்பு தன் வேலையைச் செய்கிறது.

இனி உப்பு. கடையில் வாங்கும் கல் உப்பைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டால் வெண்ணிறமாகக் கலங்கும். அதிலுள்ள மக்னீசியம் காரத்தைப் பிடித்துக்கொண்டு வீழ்படிவதால் அப்படி. காரமும் குறையும், உப்பின் அளவும் தவறும். தூய சோடியம் குளோரைடைச் சுண்ணாம்புத் தண்ணீரிலேயே கரைத்து வைத்துக்கொண்டு, ஊசிக்குழலால் அளந்து விட்டேன். ஒவ்வோர் அளவுக்குப் பிறகும் ஓர் இரவு ஓய்வு.

லிட்டருக்கு அரை கிராம் உப்பில் எதுவும் நடக்கவில்லை. ஒரு கிராமில் மல்டிமீட்டர் ஒரு விசித்திரமான ஆட்டத்தைக் காட்டியது. −165-இல் அசையாமல் நின்ற எண், திடீரென்று −190-க்கு விழுந்தது. பிறகு ஒரு நிமிடத்துக்கும் மேலாக மெல்ல மெல்ல ஏறிப் பழைய இடத்துக்கு வந்தது. சிறிது நேரம் கழித்து மறுபடியும் விழுந்தது, மறுபடியும் ஏறியது. விழுவது சட்டென்று, ஏறுவது நிதானமாக. படலத்தில் எங்கோ ஒரு நுண்துளை திறந்து, இரும்பு கரையத் தொடங்கி, அது வளர்வதற்குள் படலம் அதை மூடிவிடுகிறது. பூதக்கண்ணாடியில் முகத்தைப் பார்த்தால் ஒரு புள்ளிகூட இல்லை. பெருஞ்செலவில் வாங்கும் கருவிகளில் மின்வேதி இரைச்சல் என்ற பெயரில் பதிவு செய்வது இதைத்தான். என் மேசையில் அது ஒரு சாதாரண மல்டிமீட்டரில் தெரிந்தது. இந்த முழு வேலையிலும் என்னை நாற்காலியிலிருந்து எழவிடாத நேரம் அது.

மூன்று கிராமில் எண் விழுந்தது, திரும்பவில்லை. −300-ஐக் கடந்து, இரவு முழுவதும் இறங்கி, காலையில் −470-இல் நின்றது. முகத்தின் ஒரு பக்கத்தில், மெழுகு ஓரத்திலிருந்து நன்றாக விலகி, பச்சை கலந்த கருமையில் ஒரு துளி. அதன் மேல் பழுப்புத் தொப்பி. மற்ற இடமெல்லாம் முதல் நாளைப் போலவே பளபளக்கிறது. அளந்தபோது தடை 600 கிலோஓமிலிருந்து 12 கிலோஓமாகச் சரிந்திருந்தது. அரிமான மின்னோட்டம் 2.2 மைக்ரோஆம்பியர், ஆண்டுக்கு 25 மைக்ரோமீட்டர்.

25 மைக்ரோமீட்டர் என்று கேட்டால் பயம் வராது. 12 மில்லிமீட்டர் கம்பிக்கு அது என்ன பெரிய இழப்பு என்று தோன்றும். இங்கேதான் இந்த முறை நம்மை ஏமாற்றக்கூடிய இடம். கணக்கு மின்னோட்டத்தை முழு முகத்துக்கும் பங்கிட்டுச் சொல்கிறது. இரும்பு கரைவதோ அந்த ஒரு புள்ளியில் மட்டும். புள்ளியின் விட்டம் 2 மில்லிமீட்டர், முகத்தின் விட்டம் 10. பரப்பில் 25 மடங்கு வித்தியாசம். ஆகவே அந்த இடத்தில் ஆழம் ஆண்டுக்கு 0.6 மில்லிமீட்டர் வேகத்தில் போகிறது. குளோரைடால் அழியும் கம்பி உருவிப் பார்த்தால் முழு நீளமும் நன்றாக இருந்து, ஓரிடத்தில் மட்டும் எலி கடித்தது மாதிரி மெலிந்திருப்பது இதனால்தான்.

மூன்று கிராம் உப்பு என்றால் லிட்டருக்கு 1.8 கிராம் குளோரைடு. கரைசலிலுள்ள ஹைட்ராக்சைடு அயனிகளோடு எண்ணிக்கையில் ஒப்பிட்டால் விகிதம் 1.3 அளவில் வருகிறது. ஹாஸ்மன் என்ற ஆய்வாளர் 1967-இல் சொன்ன புகழ்பெற்ற எல்லை 0.6. வழுவழுப்பாகத் தேய்த்த முகம் செதிலோடு கூடிய கம்பியைவிட அதிகம் தாங்கும் என்பதால் இந்த வித்தியாசம் எனக்கு வியப்பளிக்கவில்லை. இந்த எண்ணை வைத்துக்கொண்டு கிணற்றுத் தண்ணீரில் 1.8 கிராம்வரை போகலாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. சிமென்ட் குளோரைடில் ஒரு பகுதியைத் தன்னோடு கட்டிக்கொள்ளும், அது நமக்குச் சாதகம். ஆனால் கட்டிய பிறகு கடற்காற்றிலிருந்து ஆண்டுதோறும் புதிதாக உப்பு ஊறி வரும், அதற்கு நாம் இடம் விட்டு வைக்க வேண்டும். ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தர விதி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலவை நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு என்று நிறுத்தியிருக்கிறது. சித்தப்பாவின் கிணற்று நீரை வெள்ளி நைட்ரேட்டில் டைட்ரேட் செய்து பார்த்தபோது அந்த எல்லைக்கு மேலே இருந்தது. மாடி வேலைக்கு லாரித் தண்ணீர் என்று அன்றே முடிவாயிற்று.

அடுத்து, பழைய சன்ஷேடு. இங்கே மூன்று மின்வாய்ச் சுற்றெல்லாம் வேண்டாம், மின்னழுத்த அளவீடு ஒன்றே போதும். கட்டடத்தில் வெள்ளி மின்வாயைவிடச் செம்பு–துத்தம் (காப்பர் சல்பேட்) மின்வாய் உறுதியானது. பி.வி.சி. குழாயின் ஒரு முனையில் மென்மரத் தக்கை, உள்ளே மயில்துத்தத்தின் நிறைகரைசல், அடியில் கரையாத படிகம், நடுவில் சுத்தமாகத் தேய்த்த செம்புக் கம்பி. தக்கைக்குக் கீழே ஈரப் பஞ்சு. வெயில் படாமல் காலையிலேயே அளக்க வேண்டும், வெப்பமும் வெளிச்சமும் இந்த மின்வாயின் எண்ணை நகர்த்தும். மீதமான துத்தக் கரைசலைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது, மீனுக்கு நஞ்சு.

விரிசலில் தெரிந்த கம்பியைச் சுரண்டி மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கவ்வினேன். மறுகோடியில் தெரிந்த இன்னொரு கம்பியோடு தொடர்பு இருக்கிறதா என்று முதலில் தடையைப் பார்த்துக்கொண்டேன். அது ஓர் ஓமுக்கும் கீழே. பிறகு அடிக்கு ஒரு புள்ளியாகச் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டு, ஒவ்வொரு புள்ளியையும் நனைத்து, பஞ்சை அழுத்தி எண்ணைக் குறித்தேன். −350-க்குக் கீழே இறங்கினால் அரிமானம் நடக்கும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கும் மேல், −200-க்கு மேலே நின்றால் அரிமானம் இல்லாதிருக்கும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கும் மேல் என்று ஏ.எஸ்.டி.எம். சி 876 சொல்கிறது. இந்த அளவுகோல் செம்பு–துத்தத்துக்கு உரியது. மேலே சொன்ன வெள்ளி மின்வாய் எண்களை இதோடு ஒப்பிட, அந்த எண்களிலிருந்து 120 மில்லிவோல்ட் கழித்துக்கொள்ள வேண்டும்.

சுவரோரத்தில் −150, −180. நடுவில் −260 சுற்றிலும். கடல் பார்த்த முன் ஓரத்தில், விரிசல் உள்ள இடத்தில் −430. அதிலிருந்து இரண்டடி தள்ளி, மேலே பூச்சு சிறிதும் கெடாத ஓரிடத்திலும் −410 காட்டியது. கொத்தனார் அந்த இரண்டாவது இடத்தை உடைக்கத் தயங்கினார். சித்தப்பா சொன்ன பிறகு உளியை வைத்தார். கம்பிக்கு மேலே கான்கிரீட் அரை அங்குலம்கூட இல்லை. கம்பியின் அடிப்பக்கம் மட்டும் ஈரமான கருந்துரு, காற்றுப்பட்டதும் கண்முன்னே பழுப்பேறியது. சுவரோரத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சிறு துளை மட்டும் போட்டோம். அங்கே ஆலையிலிருந்து வந்த நீலக்கருமை அப்படியே இருந்தது.

முன் ஓரத்தைக் கம்பிக்குப் பின்புறம்வரை கொத்தி எடுத்து, கம்பியைக் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியத் தேய்த்து, சிமென்ட்–பாலிமர் பூச்சு கொடுத்து, நல்ல தண்ணீரில் கலந்த கலவையால் அடைத்தார்கள். கம்பிகளுக்கான இந்த வகைப் பூச்சில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நீண்ட காலம் உழைத்திருக்கிறது. ஆனால் ஒட்டுப்போட்டதோடு வேலை முடிவதில்லை என்பதைக் கொத்தனாரிடம் சொல்லி வைத்தேன். இதுவரை துருப்பிடித்துக்கொண்டிருந்த இடம், தன்னைச் சுற்றியுள்ள கம்பியை எலக்ட்ரான் கொடுத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டால் அந்தக் காப்பு போய்விடுகிறது. உப்பு ஊறிய பழைய கான்கிரீட் ஒட்டை ஒட்டி மிச்சமிருந்தால், அங்கே புதிய அரிமானம் தொடங்கும். எனவே −260 காட்டிய நடுப்பகுதிதான் இனி கவனிக்க வேண்டிய இடம். கட்டத்தின் புள்ளிகளை ஆயில் பெயிண்டால் நிரந்தரமாகக் குறித்து, ஒரு கம்பி முனையைச் சிறிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வெளியே விட்டு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும், கான்கிரீட் நன்றாக நனைந்திருக்கும்போதே அந்தப் புள்ளிகளை மறுபடி அளப்பதாகத் திட்டம். எந்தப் புள்ளியாவது முந்தைய ஆண்டைவிட 100 மில்லிவோல்ட் இறங்கினால், −350-ஐ எட்டும்வரை காத்திருக்காமல் அங்கே உளி வைப்பதென்று பேசி வைத்திருக்கிறோம்.